மூடி திறந்திருந்த நேரம்

சின்னமனூரில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்த இருதயத்திடம் இரண்டு பித்தளை லென்சுகள் இருந்தன. இரண்டும் மெதுவானவை. மூடியைக் கழற்றி, மனசுக்குள் நிதானமாக எண்ணிவிட்டு மறுபடி மூட வேண்டும். அதற்குள் யாராவது அசைந்தால் அந்த முகம் கலங்கிப் போய்விடும். கல்யாணப் படங்களில் பிள்ளைகளுக்கு முகமே இருக்காது. தேனியில் ஒருவர் தானே சட்டென்று திறந்து மூடும் ஷட்டர் வைத்த ஜெர்மன் லென்சு வாங்கிய பிறகு கல்யாணக்காரர்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம் என்று மதுரை வியாபாரி சுயம்புலிங்கத்துக்கு இருதயம் சொல்லி அனுப்பியிருந்தான்.

துக்க வீடுகளுக்கு மட்டும் அந்தப் பித்தளை போதும். செத்தவர்கள் அசைவதில்லை.

அந்த வாரம் மார்க்கையன்கோட்டையில் நல்லகண்ணுவின் மனைவி கருத்தம்மாள் காய்ச்சலில் இறந்துபோனாள். மேல்மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மகன் சின்னக்கருப்புக்காக உடலை எடுக்காமல் வைத்திருந்தார்கள். முற்றத்து நிழலில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பலகை கொடுத்து, இடுப்பைத் துணியால் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றார்கள்.

"ஆரும் அசையக்கூடாது. லென்சையே பாருங்க" என்று சொல்லிவிட்டு இருதயம் மூடியைக் கழற்றினான்.

பாதி எண்ணிக்கையில் பக்கவாட்டு வாசலில் காலடி கேட்டது. மகன் வந்துவிட்டான். இருதயத்தின் கண் அந்தப் பக்கம் போனது. சொந்தக்காரர்கள் சொன்ன சொல் தவறாமல் மூச்சடக்கி நின்றார்கள். இருதயம் மூடியைப் போட்டதுதான் தாமதம், எல்லோரும் ஓலமிட்டு உடல் மேல் விழுந்தார்கள். கருத்தம்மாளின் தலையும் தோளும் அத்தனை கைகளில் ஆடின. அன்றே ஆற்றங்கரையில் எரித்தார்கள்.

மறுநாள் இருட்டறையில் படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டைக் கழுவிக்கொண்டிருந்த இருதயத்தின் மனைவி செலின் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்கன வாங்க."

படத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தெளிவாக இருந்தார்கள். சேலை மடிப்புக்கூடத் தெளிவு. கருத்தம்மாளுக்கு மட்டும் இரண்டு முகம். ஒன்று நேராக, கண்மூடி. அதன்மேல் புகைபோல இன்னொன்று, பக்கவாட்டில்.

"தலை சாஞ்சிருக்கும்" என்றான் இருதயம்.

"சாஞ்ச தலை தொங்கும். இது திரும்பியிருக்கு. கண்ணைப் பாருங்க."

அந்தப் பக்கவாட்டு முகத்தில் கண் திறந்திருந்தது.

நல்லகண்ணு படம் வாங்க வந்தார். பிளேட்டு உடைந்துவிட்டது என்று சொல்லத்தான் இருதயம் நினைத்திருந்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் படத்தை எடுத்துக் கொடுத்தான். அவர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வாசப் பக்கம் பாத்திருக்கா. அந்நேரந்தான் மகன் வந்தான்." பிறகு குரல் இறங்கியது. "அப்ப, தீ வைக்கையில..."

இருதயம் துணியை எடுத்து மேசையைத் துடைத்தான்.

"அவங்கிட்ட மட்டும் சொல்லிராதீக. கொள்ளி வச்சது அவன்தான்." படத்தைத் துண்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சுயம்புலிங்கம் வந்து புது லென்சைப் பஞ்சுப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஷட்டரைத் தட்டிக் காட்டினார். கண் இமைக்கும் முன் திறந்து மூடியது. "ரெண்டு பழசையும் குடுத்தாத்தான் இது கட்டுப்படியாகும்" என்றார்.

"எடுத்துக்கங்க. அதைத் தொடவே கை கூசுது" என்றான் இருதயம்.

செலின் உள்ளேயிருந்து வந்து, மார்க்கையன்கோட்டைக்குப் போன லென்சைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இதக் குடுக்காதீக. புதுசா இருந்தா அந்த ஆத்தா கண்ணு முழிச்சது நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சு என்ன செஞ்சோம்?"

"பிந்தித் தெரிஞ்சது. அம்புட்டுத்தான்."

இருதயம் மேசையில் இருந்த புதியதையும் அவள் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் சுயம்புலிங்கம் பெட்டியை மூடிக்கொண்டு மதுரைப் பஸ்ஸைப் பிடித்தார். கல்யாணக்காரர்கள் அதன் பிறகு இந்தக் கடைப் பக்கம் வரவேயில்லை.

அடுத்த துக்க வீடு கோம்பையில். படம் எடுத்து முடித்ததும் இருதயம் சொன்னான்: "கழுவிப் பாத்துட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் தூக்க வேணாம்."

செத்தவரின் தம்பி அடிக்கவே வந்துவிட்டார். "பாக்கட்டும். உசுரு இருந்தா இருக்கட்டுமே" என்றாள் செத்தவரின் பெண்டாட்டி. தம்பி கையை இறக்கினார்.

மாட்டுக்கொட்டத்தைக் கம்பளியால் மூடி இருட்டாக்கிக்கொண்டு செலின் உள்ளே போனாள். கொட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். முற்றத்தில் அழுகை அடங்கியது. அத்தனை பேரும் நாற்காலியில் இருந்தவரின் மூக்கையும் உதட்டையும் இமையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் ஈ கன்னத்தில் உட்கார்ந்து எழுந்தபோது யாரோ வீறிட்டார்கள்.

ஈரப் பிளேட்டோடு செலின் வெளியே வந்தாள்.

"அசையல" என்றாள். "தூக்குங்க."

அப்புறம்தான் அழுகை மறுபடி தொடங்கியது. உடலைத் தூக்க வந்த நாலு பேர் மட்டும் இன்னும் கொஞ்சநேரம் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்கள்.