மாப்பிள்ளை இருந்தால் பதினொன்று

சஃபீர் வீட்டில் இருந்தால் பதினொன்று. வெளியே போனால் நூற்றுப் பத்து. மாஷிதா மூன்று வாரமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் நம்பவில்லை.

வீடியோ காப்பியாகும் வேகம், நொடிக்கு இத்தனை எம்பி என்ற கணக்கு அது. தோஹாவிலிருந்து திரும்பிய சஃபீர், தொண்டியில் மாமியார் வீட்டு முன்ஹாலில் கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்தான். வீடியோக்களைச் சேமிக்கும் சர்வர் உள்ளறையில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் காலத்து அகலச் சுவரை வைஃபை தாண்டாததால், இரண்டையும் சேர்த்துத் தரையோடு ஒரு நீலக் கேபிள் ஓடியது.

ஒரு கல்யாணம் நானூறு ஜிபி. நூற்றுப் பத்தில் போனால் ஒரு மணி நேரம். பதினொன்றில் பத்து மணி நேரம். இந்த வேகத்தை நம்பி ஊரில் இருக்க முடியாது என்று சஃபீர் முடிவு செய்திருந்தான். தோஹாவிலிருந்து நண்பன் ஷாகிர் விசாவுக்காகப் பாஸ்போர்ட் காப்பி கேட்டிருந்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

கேபிள் செருகும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினான். மாஷிதாவைக் கொண்டு உள்ளறையில் ஹார்ட் டிஸ்கை மாற்ற வைத்தான். கடைசியில் கேபிளையே உருவித் தரச் சொல்லி, சுருட்டி எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினான். கம்ப்யூட்டர் கடை ஆன்டனி ராஜ் அதை மேஜையில் விரித்துச் சோதித்தான். முழு வேகம் காட்டியது.

"கேபிள் தங்கம் பாய். மெஷினுக்கு உங்களத்தான் புடிக்கல."

சஃபீர் இதை வீட்டில் வந்து சிரிக்காமல் சொன்னான்.

"நேத்து நீங்க கடைத்தெருவுக்குப் போனப்ப நூத்திப் பத்து ஓடுச்சு மச்சான்," என்றாள் மாஷிதா.

"நான் வந்து பாத்தா பதினொண்ணு."

"அது ஏண்டு எனக்குத் தெரியாது."

"நான் போகக் கூடாதுண்டு பொய் சொல்றே."

அவன் போகக் கூடாது என்று மாஷிதா நினைப்பது உண்மை. பொய் சொல்கிறாள் என்பது உண்மையில்லை. ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை வந்தது. தேவிபட்டினம் கல்யாணம் ஒன்றைக் காப்பி போட்டுவிட்டு சஃபீர் ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட்டான். மாஷிதா முருங்கைக்கீரையை மடியில் வைத்து உருவியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று. பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால், ஹாலுக்கும் உள்வீட்டுக்கும் இடையிலிருந்த நடுக்கதவு திறந்தது. திரையில் எண் இரண்டு விநாடி காணாமல் போய், நூற்றுப் பத்தாகத் திரும்பி வந்தது.

"மாப்ள போயிட்டாகளா?" என்று கேட்டபடி உம்மா நூர் நிஷா ஹாலுக்குள் வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நூர் நிஷா நடுக்கதவைச் சாத்தி வைப்பாள். மாமியார் மருமகன் முன்னால் வரக் கூடாது என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை. அந்தக் குடும்பத்தில் இருந்தது. சோறும் குழம்பும் நலம் விசாரிப்பும் மாஷிதா வழியாகத்தான் போய் வரும்.

"உம்மா, கதவைச் சாத்துங்க."

"எதுக்கு? அவுகதான் இல்லையே."

"சாத்துங்களேன்."

சாத்தினாள். பதினொன்று.

"தொறங்க."

நூற்றுப் பத்து.

"இன்னொருக்கச் சாத்துங்க."

"உனக்கு என்ன புள்ள கிறுக்கா?" என்றது சாத்திய கதவு. பதினொன்று.

கேபிள் நிலைப்படியில், தேக்குக் கதவின் அடியில் நசுங்கிக் கிடந்தது. கதவு அழுத்தும்போது உள்ளே ஏதோ ஒரு கம்பி தொடர்பு விடுகிறது; மற்றக் கம்பிகளில் பத்தில் ஒரு பங்கு வேகம்தான் ஓடுகிறது. திறந்தால் சேர்ந்துகொள்கிறது.

மாஷிதா அம்மிக் குழவியைத் தூக்கி வந்து திறந்த கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு, அவன் எதற்காகத் தோஹாவுக்குப் போகப் போகிறான் என்பதை உம்மாவிடம் சொன்னாள். நூர் நிஷா கதவைப் பார்த்தாள். கேபிளைப் பார்த்தாள். வாசலில் பைக் வந்து நின்றது.

"கல்லை எடு புள்ள."

"எடுக்க மாட்டேன்."

அடுப்படிக்குள் போய்விட நூர் நிஷாவுக்கு நேரம் இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

சஃபீர் தொப்பியோடு உள்ளே வந்தான். முதலில் திரையைப் பார்த்தான். அப்புறம் குழவியை. அப்புறம் மாமியை. உடனே தரையைப் பார்த்தான். மாஷிதா கேபிளைக் காட்டினாள். அவன் குனிந்து, நீல உறையில் பள்ளம் விழுந்த இடத்தை விரலால் தடவினான். எல்லாவற்றையும் சோதித்தவன் இந்தக் கதவைச் சோதிக்கவில்லை. அவன் இருக்கும்போது அது திறந்து கிடந்ததில்லை. அவன் கணக்கில் அதுவும் ஒரு சுவர்.

"சுவத்துல ஒரு ஓட்டை போட்டு கேபிளை விட்டுர்றேன். கதவை எப்பவும் போல அடைச்சுக்கிறலாம்ண்டு மாமிட்ட சொல்லு," என்றான் மாஷிதாவிடம்.

மாமி நாலடி தள்ளி நின்றாள். மாஷிதா சொல்லவில்லை. கீரையை உருவினாள்.

"சுவத்துல ஓட்டையெல்லாம் போட வேணாம்," என்றாள் நூர் நிஷா, மருமகனைப் பார்த்து. "கதவு தொறந்தே கெடக்கட்டும். சோறு ஆறுது, உள்ள வாங்க."

"சரி மாமி," என்றான் சஃபீர்.

அன்று அவன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டான். கை கழுவ வந்த இடத்தில் மாஷிதாவிடம், "நீ பொய் சொல்லல," என்றான்.

"நீங்க போகக் கூடாதுண்டு நெனச்சதும் பொய்யில்ல."

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, விசா வேண்டாம் என்று ஷாகிருக்கு ஒரு வரி அனுப்பினான். திரும்பி ஹாலுக்கு வந்தபோது தேவிபட்டினம் கல்யாணம் முடிந்திருந்தது.