நானூற்றுப் பதினேழாவது குவாசர்

2010 ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, முற்பகல் பதினொன்றே காலுக்கு, சிதம்பரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நானூற்றுப் பதினாறு குவாசர்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஃபர்ஹீன்தான் தூண்டிவிட்டாள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். அபாண்டம். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள், அவ்வளவுதான்.

குவாசர் என்பது வெகுதூரத்து விண்மீன் மண்டலத்தின் நடுவே கொதிக்கும் வெளிச்சம். இங்கே வந்து சேரப் பல நூறு கோடி வருஷம் பிடிக்கும். எங்கோ மலைமேல் இருந்த தொலைநோக்கி அதை நிறம் நிறமாகப் பிரித்து அனுப்பும். அதில் எழும் கோடுகளைப் பார்த்து, இது குவாசர், இது வெறும் நட்சத்திரம் என்று பட்டியலில் ஏற்றுவது ஃபர்ஹீனின் ஒப்பந்த வேலை. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். அவள் சரியாக ஏற்றிய ஒவ்வொரு குவாசருக்கும் எதிர்ச் சுவரில் கடுகளவு வெளிச்சப் பொட்டு ஒன்று முளைக்கும். தப்பாக ஏற்றினால் முளைக்காது. முதல் வாரம் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒட்டடை அடிக்கும்போது பார்த்ததோடு சரி.

நானூற்றுப் பதினேழாவதில்தான் வம்பு வந்தது. பட்டியலில் ஏற இரண்டு கோடு வேண்டும் என்பது விதி; இதற்கு ஒன்றுதான் தெரிந்தது. இன்னொன்று, நம் வானமே வீசும் மங்கலான பச்சை வெளிச்சத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. அந்தப் பச்சையைக் கழித்த கணினி கோட்டையும் சேர்த்துக் கழித்துவிட்டது. ஃபர்ஹீன் கழிக்காத பதிவைத் திறந்து காட்டினாள். சுவரில் பொட்டும் முளைத்திருந்தது. பிரிவுத் தலைவர் சுப்பராயலு இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"ஒத்தக் கோட்ட வச்சிக்கினு குவாசர்ங்கிறியேம்மா. நட்சத்திரம்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா நாளைலேர்ந்து வராத."

"அது நட்சத்திரம் இல்ல சார். பொய் எழுத என்னால ஆவாது."

அவரே பட்டியலில் அதைச் சிவப்பு மையால் அடித்தார். சுவரில் அத்தனையும் அணைந்தன. மலைமேல் தொலைநோக்கியிலும் அவை இருந்த இடமெல்லாம் இருண்டு போனது. கருவியை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

வேலை போய் வீடு திரும்பிய பஸ்ஸில் ஃபர்ஹீனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் நடைச் சுவர் முழுக்க நானூற்றுப் பதினேழும் எரிந்துகொண்டிருந்தன. "இதுங்கள வச்சிக்கினு வெள்ளையடிக்கிறது எப்படிடீ?" என்று அவள் அம்மா சைதுன் பீவி சலித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் கிழித்துப் போட்டாள். டியூஷன் எடுத்து இரண்டு வருஷம் தள்ளினாள்.

2012இல் பட்டியல் அச்சேற வேண்டிய நேரத்தில் சுப்பராயலு தானே கடலூருக்கு வந்தார்.

"இதுங்ககிட்ட கொஞ்சம் சொல்லி அனுப்பி வையேம்மா."

"நான் கூப்ட்டு வரல சார், நான் சொன்னா போவாதுங்க. அடிச்சதத் திரும்ப எழுதுங்க, போவும்."

நின்றபடியே எழுதினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் ஃபர்ஹீன் தன் பெயரை எழுதினாள். நானூற்றுப் பதினாறு பொட்டுகளும் சுவரை விட்டு இறங்கி அவர் பின்னாலேயே பஸ் ஏறின. நானூற்றுப் பதினேழாவது அசையவில்லை. அந்த மனிதரோடு போக அதற்கு இஷ்டமில்லை. அச்சான பட்டியலில் மற்றதற்கெல்லாம் வானத்தில் இருக்கும் இடம் எண்களில் போட்டிருக்கிறது. அதற்கு மட்டும் கடலூரில் சைதுன் பீவி வீட்டு விலாசம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள்.