கட்டில் மாறிய மாத்திரை

...ஆனால் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்திருக்கலாமே, கையைத் திருப்பிப் பெயரைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் போய் முட்டிக்கொண்டாள் நர்ஸ், தையல்காரரின் கையில் பிரஷர் கருவியைச் சுற்றியபடியே. விடுப்பு முடிந்து வந்த முதல் காலை, வார்டில் எல்லாமே புது முகங்கள், கட்டில் எண்ணைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டாள். அந்தக் கட்டிலுக்கு உரியவருக்கு முந்தின நாள் காற்று வேண்டியிருந்ததாம், ஜன்னலோரம் படுத்திருந்த தையல்காரர், அதுக்கென்ன இங்க வந்துடுங்க என்று எழுந்து இடம் கொடுத்துவிட்டார், பஸ்ஸில் ஸீட்டு மாறுவதுபோல... யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் அவளல்லவா. ஜன்னலோரம் போய்விட்ட அந்த ஜன்னல்காரரின் பிரஷர் மாத்திரை இப்போது பிரஷரே இல்லாத, குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்த தையல்காரரின் வயிற்றில். ஜன்னலோரக் கட்டிலில் போய்ப் பெயர் கேட்டபோதுதான் உறைத்தது.

ஒளிக்கவில்லை, டாக்டரிடம் ஓடினாள், அந்த மட்டில் நெஞ்சுக்குக் கொஞ்சம் ஆறுதல். அவர் வந்து தையல்காரரைப் பார்த்தார், சலைன் ஏற்றச் சொன்னார், அடிக்கடி பிரஷர் பாருங்க, கீழ இறங்க விடாதீங்க என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். பெரிய சிஸ்டர்தான் மருந்தறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். "டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அதோட விடு. அந்த ஆள்கிட்ட வாயைத் திறக்காதே. நாளைக்கே கேஸு கீஸுன்னு வந்தா உன் லைசென்ஸ்தான் போகும்டி, வேற யாருக்கும் ஒண்ணும் ஆகாது." கெட்டவள் இல்லை, தன் பிரசவத்தின்போது கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றவள். அவள் சொல்வது பொய்யுமில்லை... இந்த உடுப்பைக் கழற்றிவிட்டால் தனக்கு வேறென்ன தெரியும்? நோயாளிக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு, விளக்குக என்று பரீட்சையில் கேட்டார்கள், பக்கம் பக்கமாக எழுதினாள், எழுதும்போது ஒரு இடத்திலும் பேனா நிற்கவே இல்லை.

"என்னம்மா, காலையிலேர்ந்து கையை அளந்துக்கிட்டே இருக்கீங்க, எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் தையல்காரர். "காலர் அளவையும் எடுத்துக்குங்க." அவளும் சிரித்தாள்... சிரித்தும்விட்டாளே! பிரஷர் இறங்கியிருந்தது, பயப்படும்படி இல்லை, ஆனாலும் இறங்கியிருந்தது. இப்படி விழுந்து விழுந்து கவனிக்கிற சிஸ்டரை நான் பார்த்ததே இல்லை என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் ஊசிபோல ஏறுகிறது.

கருவியைச் சுருட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். "ஐயா, இறங்காதீங்கன்னு சொன்னேன்ல! பாத்ரூமுக்குன்னா பாத்திரம் கொண்டு வரேன்." "அட போங்கம்மா, பொம்பளைப் புள்ள கையில அதைக் குடுக்கவா? கால் நல்லாத்தானே இருக்கு. இதோ இருக்கு பாத்ரூம்." அவர் சொல்வதும் நியாயம்தானே, ஏன் எழக்கூடாது என்று தெரியாத மனிதன் எதற்காகப் படுத்துக் கிடப்பான்? தலைசுற்றி விழுந்தால், மண்டை உடைந்தால்... சொல்லாமல் மறைத்தது இவரைக் காப்பாற்றாதே. உண்மை சொல்வது உரிமை, சட்டம் என்றுதான் படித்தாள், கட்டிலின் தடுப்புக் கம்பி மாதிரி அதுவும் விழாமல் தடுக்கும் ஒரு கம்பி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"ஐயா, காலையில நான் குடுத்த மாத்திரை உங்களுது இல்ல. ஜன்னலோரம் இருக்காரே, அவரோடது. கட்டில் மாறினதைப் பார்க்காம குடுத்துட்டேன், என் தப்பு. அது பிரஷரை இறக்கும், எழுந்தா விழுந்துடுவீங்க."

அவர் காலை மெல்ல மேலே எடுத்துக்கொண்டார். திட்டட்டும், கத்தட்டும், மகனைக் கூப்பிடட்டும் என்று நின்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அவருக்கு யாரும்மா மாத்திரை குடுத்தது?"

யார்... யாரும் கொடுக்கவில்லை, ஆனால் கொடுத்தாயிற்று என்று அவருடைய மருந்து அட்டையில் தன் கையெழுத்துதானே இருக்கிறது. டாக்டர் கேட்கவில்லை, பெரிய சிஸ்டர் கேட்கவில்லை, தானும்கூட... ஜன்னல்காரர் நெற்றியைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கிடந்தார், தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள். கருவியை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்தாள், அப்படியானால் காலையிலிருந்து இத்தனை முறை அளந்தது யாருக்காக, தையல்காரருக்காகவா, தன் லைசென்ஸுக்காகவா?