சுட்டது நாய்தான்

ஹார்கிஸ் குடும்பத்தில் யாரும் துப்பாக்கி விஷயத்தில் அசட்டையாக இருந்ததில்லை. கென்டக்கியின் அந்த மலை மாவட்டத்தில் இதை மறுத்துப் பேசியவர் கிடையாது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பைத் தாத்தா தொடங்கினார், அப்பா நடத்தினார், இப்போது எல்வுட் ஹார்கிஸ் நடத்துகிறார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவர் முன்னால் கைகட்டி உட்காராமல் அந்த ஊரில் ஒருவனும் மானைச் சுட்டதில்லை.

ஆகவே, அவருடைய தம்பி டெல்மர் வான்கோழி வேட்டைக்குப் போன இடத்தில் வண்டிக் கதவைத் திறக்க, உள்ளே இருந்த பிஸ்கட் என்ற நாய் குஷியில் துள்ள, அதன் கால் சீட்டில் கிடந்த துப்பாக்கியின் விசையில் பட்டு, தம்பி அங்கேயே செத்து விழுந்தார் என்ற செய்தி வந்தபோது எல்வுட் அழவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு நேரே ஷெரிஃபிடம் போனார்.

"எழுதிக்கோ. என் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. சுட்டது நாய்தான்."

உள்ளூர்ப் பத்திரிகை அதை அப்படியே கொட்டை எழுத்தில் போட்டது. ஊருக்கும் போன மூச்சு திரும்பி வந்தது. வீட்டிலும் வண்டியிலும் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று தலைநகரில் அப்போதுதான் ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார்கள். டெல்மரின் சாவை நகரத்துக்காரர்கள் அதற்குச் சாக்காகப் பிடித்துக்கொள்வார்களோ என்று கலங்கியவர்களுக்கு, நாய் தெய்வாதீனமாக வந்து வாய்த்தது. அடக்கச் செலவுக்காகத் தீயணைப்பு நிலையத்தில் கெளுத்தி மீன் வறுத்து விற்றார்கள். குலுக்கலும் வைத்தார்கள். பரிசு, ஒரு புதுத் துப்பாக்கி. சீட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த வாரம் மாவட்டச் சபை கூடியது. துப்பாக்கியைப் பற்றிப் பேச அல்ல. சாவு விழுந்த சமயத்தில் அரசியல் பேசுவது அங்கே மரியாதையில்லை. நாய்களைப் பற்றிப் பேசினார்கள்.

"யாரு, எவருன்னு விசாரிக்காம இனிமே ஒருத்தனுக்கும் நாய் விக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார் சபைத் தலைவர் ரஸ்டி காம்ப்ஸ்.

"கேட்ட அன்னிக்கே குடுக்கவும் கூடாது. கோவத்துல இருக்கறவன் கையில நாய் கிடைச்சா என்ன ஆகறது?"

"பிள்ளைங்க இருக்கற வீட்டுல நாயைக் கூண்டுல போட்டுப் பூட்டணும். சாவி பெரியவங்ககிட்ட இருக்கணும்."

"ஒரு ஆளுக்கு எத்தனை நாய்தான்யா வேணும்? என் மச்சான் பதினாலு வச்சிருக்கான். எதுக்குடான்னா, சும்மா, ஒரு ஆசைக்குங்கறான்!"

"போலீஸ்காரன் பெரிய நாய் வச்சுக்கட்டும். வீட்டுல இருக்கறவனுக்கு எதுக்கு அவ்வளவு பெரிசு?"

"அப்போ எங்க உரிமை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உக்காருப்பா. மனுஷ உசிரப் பத்திப் பேசிட்டிருக்கோம்!"

இடுப்பில் துப்பாக்கியோடு வந்திருந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் எல்வுட் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கைதட்டலும் டெல்மரின் பெயரைத் துடைத்துத் துலக்கி வைப்பதுபோல் இருந்தது அவருக்கு.

கடைசியாக, பிஸ்கட்டை ஊசி போட்டுக் கொன்றுவிடலாமா என்று ஓட்டெடுக்க வேண்டியதுதான் பாக்கி. வாய்க்கூடு மாட்டிய நாய் டெல்மரின் மனைவி நோரீனின் காலடியில் படுத்து, கைதட்டல் தனக்குத்தான் என்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நோரீன் எழுந்தாள்.

"என் வீட்டுல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் ரஸ்டி. அதுவும் உங்க கண்ண உறுத்துதா?"

"உன் துக்கம் எங்களுக்கும் துக்கம்தாம்மா. ஆனா இது ஆளைக் கொன்ன நாய். எல்வுட்டே சொல்லிட்டாரே."

நோரீன் எல்வுட் பக்கம் திரும்பினாள். "பாடம் எடுக்கறவரு நீங்க. நீங்களே சொல்லுங்க. வண்டியில வைக்கறதுக்கு முன்னாடி துப்பாக்கிய என்ன பண்ணணும்?"

"குண்ட எடுத்து..." என்று பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, பக்கத்து முழங்கை விலாவில் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். விடை தெரியாதவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் எல்வுட்டிடம் படித்தவர்கள்.

எல்வுட் எழுந்தார். வாயைத் திறந்தால் தம்பி கல்லறைக்குள் முட்டாளாகிவிடுவான். திறக்காவிட்டால் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். இரண்டுமே ஹார்கிஸ் பெயர்தான்.

"குண்ட வெளிய எடுக்கணும்" என்றார். "டெல்மர் எடுக்கல. நாய்க்குக் குண்டு போடவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது."

காம்ப்ஸ் எழுத்தரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "துக்கத்துல பேசறாரு. இதக் குறிப்புல ஏத்தாதே."

"ஏத்தச் சொல்லு. நான் துக்கத்துல பேசினது போன வாரம்."

தலைகளெல்லாம் கூடிக் கிசுகிசுத்தன. பிறகு காம்ப்ஸ் தீர்ப்பைச் சொன்னார்: டெல்மரின் சாவு கடவுள் சித்தம், அதில் மனிதனுக்கும் பங்கில்லை, நாய்க்கும் பங்கில்லை, துப்பாக்கிக்கு நிச்சயமாக இல்லை. பிஸ்கட் வீட்டுக்குப் போகலாம். மற்ற நாய்களுக்கான கட்டுப்பாடுகள் ஏகமனதாக நிறைவேறின.

வாசலில் எல்வுட்டுக்குக் கைகொடுக்க யாரும் வரவில்லை. காம்ப்ஸ் மட்டும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"சுடற திடல்ல உங்க தாத்தா பேர்ல ஒரு பலகை இருக்கில்ல... அத எடுத்துடலாம்னு நம்ம ஆளுங்க பேசிக்கறாங்க. எனக்கு அதுல இஷ்டமில்லதான், இருந்தாலும்..."

"ஒருத்தனும் அதத் தொடக் கூடாது" என்றார் எல்வுட். "காலையில நானே வந்து கழட்டிக்கறேன். உங்க ஊர்ல தொங்கறதுக்கு அது ரொம்ப நல்ல பேரு."