அலுமினியச் சக்கரத்தின் மானம்

குளியலறையில் இருந்த எடைக்கருவியைத் தூக்கிக்கொண்டு என் கணவர் தெய்சோ வாசலுக்கு வந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு குமகாயோடு காலையிலிருந்து ஓயாத வாக்குவாதம். பனி கொட்டும் எங்கள் அகிதா ஊரில் நவம்பர் கடைசி ஞாயிறு என்றால் ஒவ்வொரு வாசலிலும் யாராவது குந்தி உட்கார்ந்து காருக்குப் பனிக்கால டயர் மாட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த வருடம் இவர், பழைய இரும்புச் சக்கரங்களை ஓரம் கட்டிவிட்டு, என் சின்னக் காருக்கு அலுமினியச் சக்கரங்களில் டயர் போட்டு வாங்கி வந்திருந்தார். டயரோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோதானாம், நானே பூப்போலத் தூக்கலாமாம். குமகாய்க்கு இரும்புதான் உசத்தி. பளபளப்பதெல்லாம் இலேசாக இருக்கும் என்று எந்த மடையன் சொன்னான் என்று அவர் கேட்டுவிட்டார். அந்த ரோஷத்தில்தான் எடைக்கருவி வெளியே வந்தது.

அந்தக் கருவிக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. இவருடைய அண்ணன் போன குளிர்காலத்தில் பனி வாரிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எடை எழுபத்தைந்து கிலோவுக்குக் கீழே வந்தால்தான் பியர் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு எடை பார்த்து, உள்ளேயிருந்தே எண்ணைக் கத்துவார். போன வாரம் எழுபத்து நான்கு என்று குரல் வந்தது. வாயெல்லாம் பல்லாக நானே பியரை ஊற்றிக் கொடுத்தேன்.

சக்கரத்தைக் கருவியின் மேல் வைத்தால் முள் தெரியவில்லை. ஆள் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு ஆளின் எடையைக் கழித்துவிடலாம் என்று குமகாய் யோசனை சொன்னார். அவருக்கு இடுப்பு வலிக்குப் பட்டை கட்டியிருந்தது, குனிய முடியாது. எனவே இவர்தான் செருப்பைக் கழற்றி ஏற வேண்டியதாயிற்று.

"நீ எவ்ளோடா?" என்று கேட்டார் குமகாய்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுபத்து நாலு."

இரும்போடு ஏறியபோது முள் தொண்ணூற்றைந்தைக் காட்டியது, அலுமினியத்தோடு தொண்ணூற்று நான்கு. குமகாய் கழித்துப் பார்த்தார். இரும்பு இருபத்தொன்று, இருக்கத்தான் செய்யும், உறுதியான சாமான் என்றார். அடுத்ததைக் கழித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பன்னெண்டுன்னு சொல்லி இருபது கிலோவ உன் தலையில கட்டிட்டான்டா அந்தக் கடைக்காரன். வண்டில ஏத்து, நான் வந்து கேக்கறேன் அவன."

இவர் சக்கரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். காலையிலிருந்து தலைமேல் வைத்துக் கொண்டாடிய சக்கரம். "அலுமினியமே அப்படித்தான் போல இருக்கு" என்று மெதுவாக அதை விட்டுக்கொடுத்துவிட்டார்.

எனக்கு அந்தக் கடைக்காரரை நினைத்துப் பாவமாக இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு சக்கரத்தை இவரிடமிருந்து வாங்கி, நானே ஏறி நின்றேன்.

"நான் அம்பத்தெட்டு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இவரிடம்கூட நான் சொல்லாத எண் அது. முள் எழுபதில் நின்றது. இரும்போடு எழுபத்தொன்று. ஆக, தெருவே வேடிக்கை பார்க்க இரண்டு பேரும் கத்தியது ஒரே ஒரு கிலோவுக்காக.

குமகாய் விரல்விட்டு எண்ணினார். "அப்போ கடைக்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கான். மிச்சம் எட்டு கிலோ..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு மிகுந்த மரியாதையோடு அந்தப் பக்கம் திரும்பி, எங்கள் சீமைப்பனிச்சை மரத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அடுத்த நொடியே அண்ணன் பனியில் கிடந்த கோலம் கண்முன் வந்தது.

"ஏங்க, வெறுங்கையோட ஏறுங்க."

"ஜாக்கெட் கனமா இருக்கு ஃபுமி."

"கழட்டிட்டு ஏறுங்க."

ஜாக்கெட்டைக் கழற்றினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். சற்று யோசித்துக் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு வயிற்றை எக்கிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினார். முள் ஆடிக்கொண்டே எழுபத்து நான்கைத் தாண்டியது. காலுறையின் ஓட்டை வழியாக வெளியே நீண்டிருந்த அவருடைய கட்டைவிரல், குளிரில் சிவந்துபோய், எண்களை மறைக்கும்படி மெல்ல மெல்ல முள்ளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.