நன்றியுரைக்கு வைத்த நேரம்

குத்துவிளக்கின் கடைசித் திரி காற்றுக்கு நூர்ந்து நூர்ந்து போக, பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கொளுத்த, விரிவுரையாளர் கம்சா நிகழ்ச்சிநிரலில் இன்னும் எத்தனை கிடக்கென்று எண்ணினாள். கிளிநொச்சி வளாகத்தில், தன் சந்தைப்படுத்தல் பாடத்துக்குள்ளேயே வேலைக்கான பயிற்சியையும் சேர்க்கவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். “படிப்பிக்க வந்தனீரோ, வேலை எடுத்துக் குடுக்க வந்தனீரோ?” என்று துறைத்தலைவர் கேட்டும் விடவில்லை. ஒரு கம்பனியாவது பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்தால்தான் அடுத்த வருடமும் இது நடக்கும். அதற்காகத்தான் வவுனியாவில் விதைநெல் கம்பனி நடத்தும் திலீபனை, யாழ்ப்பாணம் போகிற வழியில் இறங்கி நேர்முகம் வைத்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிக் கூப்பிட்டிருந்தாள்.

“ஒழுங்கெல்லாம் நீங்களே பாருங்கோ” என்று பிள்ளைகளிடம் விட்டதுதான் பிழை. வெளியாள் ஒருவர் வந்தால் எங்கள் ஆக்கள் சும்மா விடுவார்களா? மாலை, பொன்னாடை, வரவேற்பு நடனம், அதற்குமேல் உரைக்கு உரை. கேள்வி கேட்க வந்த மனிசனைப் பிரதம விருந்தினராக்கி, சோடித்த கதிரையில் இருத்திவிட்டார்கள். அவரும் பாவம், கழுத்து மாலையோடு மணிக்கூட்டைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்தார்.

கடைசியில் எழும்பிவிட்டார். “குறை நினையாதேங்கோ மிஸ். யாழ்ப்பாணத்திலை கூட்டம் இருக்கு. இன்னொரு நாளைக்குப் பாப்பம்.”

இன்னொரு நாளாவது, மண்ணாவது! கம்சாவுக்கு அழுகை வந்தது. வாசல்வரை போய் வழியனுப்பக்கூட மனம் வரவில்லை. யன்னலடியில் நின்றுவிட்டாள்.

அப்போதுதான் தேனுகா ஓடுவது தெரிந்தது. ஸ்கந்தபுரத்துப் பிள்ளை. முழு நிகழ்ச்சியையும் தலையில் போட்டுக்கொண்டு ஒழுங்குபடுத்தியவள். வகுப்பில் கேள்வி கேட்டால் மட்டும் நிலத்தைப் பார்ப்பாள். இவள் ஏன் இப்படி விழுந்தடித்து ஓடுகிறாள்? அவர் எதையாவது மறந்துவிட்டுப் போகிறாரா?

தேனுகா திலீபனின் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்க அவள் சொன்னது யன்னல்வரை கேட்டது.

“சேர், நன்றியுரை நான்தான் சொல்ல இருந்தது. சொல்லேல்லை. அதுக்கு வைச்ச அஞ்சு நிமிசம் கிடக்குத்தானே? அதிலை என்னைக் கேள்வி கேளுங்கோ.”

“என்னத்தைப் பிள்ளை கேக்கிறது?”

“உம்மை ஏன் எடுக்கவேணுமெண்டு கேளுங்கோ சேர்.”

திலீபன் மாலையைக் கழற்றி ஜீப் கண்ணாடியில் கொழுவிவிட்டு இறங்கினார்.

அதற்குப்பிறகு அவர்கள் பேசியது ஒன்றும் யன்னலுக்குக் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள், என்னதான் சொல்கிறாள்? கம்சா யன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள். தேனுகாவின் தலை குனியவில்லை. மண்டபத்தைக் கை நீட்டிக் காட்டி ஏதோ சொல்ல, திலீபன் சிரித்தார், திருப்பி ஏதோ கேட்டார். மண்டபத்துக்குள்ளிருந்து நாலுபேர் அந்தச் சோடித்த கதிரையைத் தூக்கிக்கொண்டு ஜீப்படிக்கு ஓடினார்கள். மற்றவர்கள் தேனுகாவுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

சாரதி எஞ்சினை நிற்பாட்டினான்.