மேலே என்றால் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு கூச்சலில் பிறந்தது. கத்தியவர் என் பக்கத்து வீட்டு மெய்ராம் அண்ணன். அதைக் கேட்டுத் தவறான பக்கம் ஓடியவர் அவர் மனைவி ஷோல்பான் அக்கா. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் காலணி நனைந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அன்றிலிருந்து மெய்ராம் சரியாகத் தூங்குவதில்லை. நானும்தான்.

"ஜூலை வெயிலில் மலையுச்சிப் பனி உருகி" என்று முதலில் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். "கசாக்ஸ்தானின் அல்மாட்டி நகருக்குத் தெற்கே" என்று மறுபடி ஆரம்பித்தேன். அது இன்னும் மோசம். இங்கே யாரும் தெற்கு என்று சொல்வதில்லை. மலை இருக்கும் பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே. பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, மாமியார் வீடு எல்லாமே ஒன்று மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும். (தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை நின்ற திசையைத்தானே நாமும் மேற்கு என்றோம்.)

கூச்சலுக்கு வருகிறேன்.

2

நாங்கள் மூவரும் பயிற்சி செய்யும் பாதை ஆற்றை ஒட்டி மலையை நோக்கிப் போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்தான சரிவு. சரிவில் ஏற அங்கங்கே இரும்புப் படிகள் உண்டு. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது; செப்டம்பர் பந்தயத்துக்காக ஓடுகிறார். முழங்கால் தேய்ந்த மெய்ராம் பின்னால் நடந்தபடி கத்துவார். "மேலே! மேலே! நிக்காதே!" நான் ஓட்டத்துக்கும் நடைக்கும் இடையில் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு கூடப் போவேன்.

"நான்தான் இவளுக்குக் கோச்" என்பார் மெய்ராம்.

"வாய்க்கு நல்ல பயிற்சி" என்பார் அக்கா.

3

அன்று காலை ஆற்றின் ஓட்டம் நின்றது.

நீர் குறைந்ததை முதலில் நாங்கள் பார்க்கவில்லை. கேட்டோம். வீட்டில் குளிர்பெட்டி சட்டென்று ஓய்ந்ததும் அதுவரை அது இரைந்துகொண்டிருந்தது தெரியுமே, அப்படி. திரும்பிப் பார்த்தால், நான் ஒருநாளும் பார்த்திராத கற்கள் ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தன. இந்த ஊரில் அதன் பொருள் குழந்தைக்கும் தெரியும். மலையில் ஏதோ ஆற்றை அடைத்திருக்கிறது. அடைத்தது உடையும். உடைந்தால் வருவது தண்ணீர் மட்டுமாக இருக்காது.

அக்கா வெகுதூரம் முன்னால், வளைவருகே இருந்தார். கை நீட்டினால் தொடும் இடத்தில் இரும்புப் படி.

"மேலே!" என்று மெய்ராம் கத்தினார். "மேலே போ! மேலே!"

படியைச் சொன்னார். அக்கா திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார், மலையை நோக்கி.

அப்போது மெய்ராமின் முகம்—

[இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை பார்த்தேன். அப்படியே கிடக்கட்டும்.]

மலைப்பக்கம் இருந்த பாலத்தடியில் சிக்கி ஆற்றை அடைத்திருந்த மரம் ஒன்று விலகி, கலங்கல் நீர் முழங்கால் உயரத்துக்குப் பாதையில் புரண்டது. பிறகு வடிந்தது. அக்கா காலுறையைப் பிழிந்துகொண்டே திரும்பி வந்தார்.

"என்னய்யா கிழவா, இப்படி மூச்சு வாங்குது? ஓடினது நானா, நீயா?"

4

நடந்தது இவ்வளவே. கதையில் நான் நீரை உயர்த்தினேன். பாறைகளைச் சேர்த்தேன், வேரோடு பெயர்ந்த மரங்களைச் சேர்த்தேன். விஷயம் அக்கா காதுக்குப் போக, பால்தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்.

"என்னைக் கொல்லப் போறியாமே?"

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"கொல்றதா இருந்தா பேரை மாத்திடு. என் நாத்தனார் பேரை வை. அவளும் ஓடுறேன்னு சொல்லிக்கிட்டுத்தான் திரியுறா."

மெய்ராம் சிரிக்கவில்லை. "இந்த வெயில் தணியுற வரைக்கும் வேற பாதைல ஓடுடின்னா கேக்கமாட்டேங்குறா, தம்பி."

"வேற எங்க? ரோட்டுல கார் புகையக் குடிச்சுக்கிட்டா? ஏத்தம் இல்லாம கால் பழகுமா? நாளைக்கும் அங்கதான்."

மெய்ராம் என் பக்கம் திரும்பினார். "நீ எழுதுறவன். அந்த எடத்துல நான் என்னன்னு கத்தியிருக்கணும்? அதை மட்டும் எழுது. அவ ஓடுறப்ப ஒரு வார்த்தைக்கு மேல காதுல விழாது."

"ஏறு?" என்றேன்.

"அதுக்கும் மலைப்பக்கம்தான் ஓடுவா."

"வலது?"

"யாரு வலது? போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு."

"படி?"

"எந்தப் படி? முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இருக்கே" என்றார் அக்கா. "நான் நின்னு யோசிப்பேன்."

எங்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, திசைக் குழப்பம் இல்லாதது என்று சொல்லி, "கரை!" என்று கத்திக் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. (கசாக் மொழியில் 'கராய்' என்றால் 'நோக்கி'.)

"நோக்கியா? எதை நோக்கிடா? மிச்சத்தை யாரு வந்து சொல்றது?"

5

"அப்ப அதோட பேரையே கத்தினா என்ன?" என்றேன். "செல்!"

சேறும் பாறையுமாக மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

மெய்ராமின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. அக்கா இடது தோளுக்குப் பின்னால் மூன்று முறை துப்பினார்.

"தூ, தூ, தூ! சாப்புடுற எடத்துல என்ன பேச்சு இது? போய் வாயைக் கொப்புளி."

"ஆத்தோரமா அதைச் சொல்ல மாட்டோம், தம்பி" என்றார் மெய்ராம் மெதுவாக. "பேரு சொல்லிக் கூப்பிட்டா எதுவும் திரும்பிப் பாக்கும்."

உண்மையிலேயே எழுந்துபோய் வாய் கொப்புளித்தேன். திரும்பி வந்தபோது மெய்ராம் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் அந்தச் சொல்லாக அசைந்தன, ஓசை வரவில்லை. மறுபடி அசைந்தன. அக்காவும் அதைப் பார்த்தார். இம்முறை கேலி செய்யவில்லை. தட்டிலிருந்த பொரித்த மாவுருண்டைகளை ஒவ்வொன்றாக அவர் பக்கம் நகர்த்தினார்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா தானாகவே படியைப் பார்த்துவிடுகிறார். அக்காவைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஓடும்போது அவர் பக்கவாட்டில் பார்ப்பதே இல்லை. இன்னொன்றில் மெய்ராம் ஓடிப்போய் அவரை இழுத்துக்கொள்கிறார். அந்த முழங்காலோடா?

ஆகவே இப்படி நிறுத்தியிருக்கிறேன். ஆறு ஓய்ந்துவிட்டது. வளைவில் அக்காவின் ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். அந்தக் காலை நான் இறக்கப் போவதில்லை. பின்னால் மெய்ராம் வாயைத் திறந்துவிட்டார். வாய்க்குள் ஒரே ஒரு சொல்தான் மிச்சம், அது வெளியே வர மறுக்கிறது. நாளைக் காலைக்கு அவர்கள் வீட்டில் அலாரம் வைத்தாகிவிட்டது. வானொலி இன்னும் வெயில் என்கிறது.

உங்களுக்கு அது பள்ளிக்கூடத்து வினைச்சொல். செல், போ, அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் எதுவும் திரும்பிப் பார்க்காது. ஆனால் ஒன்று: அந்தச் சொல் காதில் விழுந்ததும் அக்கா படியில் தாவுவாரா, விறைத்து நின்றுவிடுவாரா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

கற்கள் இன்னும் மின்னுகின்றன. சத்தம் இன்னும் வரவில்லை. கத்துவதென்றால் இப்போதே கத்துங்கள்.